பேராதனைத் தோட்டமும் நம் கண்டிச் சீமையும்

சிலோன் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ரேடியோ. நமக்கு முந்தின தலைமுறைக்கு அது பாட்டு வருகிற ஊர் அல்ல, ஆள் போகிற ஊர். 'கண்டிச் சீமை' என்பார்கள். மழை பொய்த்தாலும், கடன் முற்றினாலும், அண்ணன் தம்பி சண்டை என்றாலும் 'நான் கண்டிக்குப் போறேன்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து நிறையப் பேர் போனார்கள். நம் பழைய தென்னாற்காட்டிலிருந்தும் போனார்கள்.

அந்தக் கண்டிக்கு ஓய்வூதியர்கள் ஒன்பது பேர் சேர்ந்து சுற்றுலா போய் வந்தோம். தலதா மாளிகை, நுவரெலியா, சீதை அம்மன் கோவில் எல்லாம் பார்த்தோம். அவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பற்றி. 'பூங்காவில் எழுத என்ன இருக்கிறது, நம் கரியாலூரிலேயே பூங்கா இருக்கிறதே' என்று கேட்பீர்கள். நம் பக்கத்து ஆட்கள் கண்டிக்குக் கிளம்பியதற்கும் அந்தத் தோட்டத்துக்கும் நேரான சம்பந்தம் இருக்கிறது. எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அதைச் சொல்லவில்லை. வாசலில் இருக்கும் பலகையிலும் இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்டி நகரத்திலிருந்து கொழும்புச் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர். மகாவலி கங்கை ஒரு குதிரை லாடம் போல வளைந்து மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓட, நடுவில் 147 ஏக்கர் தோட்டம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடி உயரம். ஏற்காடு போலக் குளிராது, நம் ஊர் போலக் காயவும் காயாது. மழை வேண்டிய மரம், வெயில் வேண்டிய மரம் இரண்டும் செழிக்கிற இடம். வெள்ளைக்காரன் அந்த இடத்தைப் பிடித்ததற்கு அதுவே காரணம்.

அவனுக்கு முன்னால் அது ராஜாவின் தோட்டம். கண்டியைக் கடைசியாக ஆண்ட நான்கு ராஜாக்களும் மதுரைப் பக்கத்திலிருந்து போன நாயக்கர் வம்சத்தார். அதில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் பேராதனை அரச நந்தவனமாக இருந்தது. கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்பது இயற்பெயர். 1815ல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்தார்கள். கொண்டுவந்து அடைத்தது எங்கே தெரியுமா? நம் வேலூர்க் கோட்டையில். 1832ல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் கட்டியிருக்கிறார்கள். திருவண்ணாமலை வழியாக வேலூர் போகிறவர்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

ராஜா போன ஆறாவது வருடம், 1821ல், அலெக்சாண்டர் மூன் என்ற துரை பேராதனையில் தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன் கொழும்பிலும் பிறகு களுத்துறையிலும் இருந்த தோட்டத்தையே இங்கே மாற்றினார்கள். முதல் வேலையாகத் தென்மேற்கு மூலையைத் திருத்திப் போட்டது ரோஜாவும் மல்லிகையும் அல்ல. காப்பியும் லவங்கப்பட்டையும்.

இந்த இடத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தாவரவியல் தோட்டம் என்றால் இன்றைக்கு நமக்குப் பூ பார்க்கிற இடம், பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற இடம். அன்றைக்கு அது ஒரு நாற்றங்கால். லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் தலைமைத் தோட்டம். அதன் தொடர்பில் கல்கத்தாவில் 1787ல் ஒன்று, பேராதனையில் 1821ல் ஒன்று, சிங்கப்பூரில் 1859ல் ஒன்று. அமெரிக்காவில் விளைவதை ஆசியாவில் விளைவிக்க முடியுமா, சீனாக்காரனிடம் விலை கொடுத்து வாங்குவதைச் சொந்த நிலத்தில் பயிரிட முடியுமா என்று சோதித்துப் பார்க்கும் இடங்கள் அவை. நம் ஊட்டி தாவரவியல் பூங்காவும் அதற்கு விலக்கல்ல. 1848ல் அதை உருவாக்க வந்த மக்ஐவர் துரைதான் பின்னாளில் நீலகிரியில் சின்கோனா பயிரிட்டவர். மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து எடுக்கும் மரம் அது. மலர்க் கண்காட்சி எல்லாம் ரொம்பப் பிற்பாடு வந்தது.

நாற்றங்கால் இருந்தால் நடவுக்கு ஆள் வேண்டாமா?

1824ல் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ், பேராதனைக்குப் பக்கத்திலேயே கன்னொருவையில் தம் சொந்தக் காப்பித் தோட்டத்தைப் போட்டார். கவர்னரே தோட்டம் போட்டால் மற்ற துரைமார் சும்மா இருப்பார்களா? காட்டை வெட்டிக் காப்பி வைத்தார்கள். கண்டிச் சிங்களவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது. அதை விட்டுவிட்டு அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு வர அவர்களுக்கு மனமில்லை. அப்போது கண்ணில் பட்டது கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த வறண்ட ஜில்லாக்கள். கங்காணியை அனுப்பினார்கள். கங்காணி முன்பணம் கொடுத்தான். முன்பணம் கடனாயிற்று. கடனை ஒரு சீட்டில் எழுதி வைத்தார்கள். 'துண்டு' என்று பேர். வேறு தோட்டத்துக்குப் போனால் அங்கிருக்கும் துரை அந்தத் துண்டுக்குப் பணம் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் மட்டும் ஆளோடு கூடவே போகும். இந்தத் துண்டு முறையை 1921ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

போன வழியையும் சொல்ல வேண்டும். தொண்டி, தேவிபட்டினம், இராமேசுவரம் வரை நடை. அங்கிருந்து தோணி. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை சுமார் 250 கிலோமீட்டர் மறுபடியும் நடை. தண்ணீர் இல்லாத காடு, யானை, மலேரியா, காலரா. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டது 1914ல். அதற்குப் பிறகுதான் நம் ஜில்லாக்காரர்கள் விழுப்புரத்தில் போட் மெயில் ஏறிப் போனது எல்லாம்.

ஆனாலும் காப்பிக் காலத்தில் ஒரு நல்லது இருந்தது. காப்பிப் பழம் பறிப்பது வருடத்தில் சில மாத வேலை. சீசனுக்குப் போன ஆண்கள், சீசன் முடிந்ததும் கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பினார்கள். நம் பக்கத்தில் கரும்பு வெட்டுக்குப் போய்வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு, மனைவி, குலதெய்வம் எல்லாம் இங்கேயே இருந்தன.

1869ல் காப்பி இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி தெரிந்தது. அப்போது பேராதனைத் தோட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் த்வெயிட்ஸ். 1849ல் வந்து பொறுப்பேற்றவர், பிறகு இங்கிலாந்துக்கே திரும்பவில்லை. 1882ல் கண்டியிலேயே காலமானார். இவர் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி, அது ஒரு பூஞ்சாணம் என்று தெரியவந்தது. துரு நோய். விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பரந்து கிடக்கிற ஒரே பயிருக்கு இப்படி ஒரு நோய் வந்தால் என்ன ஆகும் என்று. இருபது வருடத்துக்குள் இலங்கைக் காப்பி அநேகமாக அழிந்துபோயிற்று. அதற்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு 1884ல் திவாலாயிற்று. துரைமார் சிலர் சின்கோனாவுக்குத் தாவினார்கள். அதுவும் விலை சரிந்து கைவிட்டது.

காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. இதற்கும் நாற்றங்கால் பேராதனைதான். 1839லேயே அசாம் தேயிலை அங்கே வந்துவிட்டது. லூல்கந்துரைத் தோட்டத்து ஜேம்ஸ் டெய்லர் பேராதனைத் தேயிலையை வைத்துப் பார்த்துவிட்டு, 1867ல் 19 ஏக்கரில் பயிரிட்டார். இன்று நாம் குடிக்கும் சிலோன் டீயின் கதை அந்த 19 ஏக்கரிலிருந்து தொடங்குகிறது.

தேயிலைக்குச் சீசன் கிடையாது. வருடம் பூராவும் கொழுந்து கிள்ள வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பமே வரும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கட்டிக் குடிவைத்தார்கள். லயம் என்று அதற்குப் பேர். காப்பிக்குப் போனவர் திரும்பி வந்தார். தேயிலைக்குப் போனவர் அங்கேயே தங்கிப் பிள்ளை பெற்று, அங்கேயே மண்ணுக்குள் போனார். ஒரு செடி மாறியதால் ஒரு ஜனக்கூட்டத்தின் ஊரே மாறிவிட்டது. என்னைக் கேட்டால், மலையகத் தமிழர் சரித்திரத்தில் எந்த கவர்னரின் உத்தரவை விடவும் இதுவே பெரிய திருப்பம்.

இனி 1876. இந்த ஒரு வருடத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

அந்த வருடம் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுவந்து கியூ தோட்டத்தில் சேர்த்தார். ரப்பர் விதை சீக்கிரம் முளைப்புத் திறன் போய்விடும். அவசரமாக விதைத்ததில் முளைத்தது சுமார் 2,700. ஆகஸ்டு மாதம் அதில் 1,919 கன்றுகளை இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். எப்படி? கடல் காற்றும் உப்பும் படாதபடி, சுற்றிலும் கண்ணாடி வைத்து மூடிய 38 பெட்டிகளில். கன்றுகளைப் பார்த்துக்கொள்ளக் கூடவே ஒரு தோட்டக்காரர். பத்தில் ஒன்பது கன்று உயிரோடு வந்து சேர்ந்தது. அவற்றை வைப்பதற்காகக் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில், பேராதனையின் கிளையாகத் தனித் தோட்டமே போட்டார்கள். மறு வருடம் சிங்கப்பூருக்கும் 22 கன்றுகள் போயின. மலேயாவில் நம்மவர்கள் 'பால்மரம்' என்று சொல்லும் மரம் பரவியது அதற்குப் பிறகுதான்.

அதே 1876 நமக்கு என்ன வருடம்? தாது வருடம். 'தாது வருசப் பஞ்சம்' என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பஞ்சம். பக்கத்துச் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871ல் ஏறத்தாழ 20 லட்சம். 1881ல் எண்ணியபோது 16 லட்சம். பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. செத்தவர் போக, ஊரை விட்டுப் போனவர் பலர். 1877ல் மட்டும் இலங்கைக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

ஒரே சமயத்தில் ஒரே தீவுக்கு இரண்டு வரவு. ஒரு பக்கம் 1,919 கன்று, எண்ணிக்கை கச்சிதமாக இருக்கிறது, எத்தனை பெட்டி என்பதும் இருக்கிறது. இன்னொரு பக்கம் பசியோடு தோணியில் ஏறிய லட்சம் பேர். அவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி இல்லை, கூடவே ஒரு வைத்தியர் இல்லை. மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தவர் பத்தில் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை.

தோட்டத்துக்குள் நடந்தபோது இது மனதில் இருந்துகொண்டே இருந்தது. ஏனென்றால் அங்கே கவனித்து வளர்த்த மரங்களுக்கெல்லாம் பலகை இருக்கிறது. தாவரப் பெயர், சொந்த நாடு, விசேஷ மரமாக இருந்தால் நட்டவர் பெயர், வருடம். 1875ல் வேல்ஸ் இளவரசர் நட்ட அரச மரம். 1901ல், பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரம். அதே 1901ஐ ஒட்டித்தான் நம் ஆட்களுக்கும் ஒரு பலகை கொடுத்தார்கள். தகரத்தில் செய்த சின்னத் துண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதில் பொறித்திருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஆளை எந்தத் தோட்டத்தில் ஒப்படைப்பது, செலவை எந்தத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவது என்பதற்கான அடையாளம். மரப் பலகையில் இருக்கிற சொந்த ஊர் மட்டும் அதில் இருக்காது.

பெரிய புல்வெளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அருகில் வந்தார். அறுபது வயது இருக்கும்.

"ஐயா இந்தியாவா? எந்தப் பக்கம்?"

"கள்ளக்குறிச்சிப் பக்கம்மா. சேலத்துக்குக் கிழக்கே."

"எங்க தாத்தா சேலம் ஜில்லா, ஆத்தூர் தாலுக்கான்னு அப்பா சொல்லுவாரு. ஆத்தூரு உங்களுக்குக் கிட்டவா?"

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்றேன். எந்தக் கிராமம் என்று கேட்டேன். அது அவர் அப்பாவுக்கே தெரியாதாம். "அங்க மலை இருக்குமா ஐயா?" என்றார். கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஆத்தூர் என்று சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டு, கூட வேலை செய்த இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு, "எங்க ஊர்ல மலை இருக்காம்" என்றார்.

அந்த நாகலிங்க மரத்தைப் பற்றி ஒன்று. அந்தப் பூவைச் சிவனுக்கே உரியது என்று நாம் நினைக்கிறோம், நடுவில் லிங்கம், மேலே நாகம் குடை பிடிப்பது போல. ஆனால் மரம் தென் அமெரிக்காவுடையது. நம் கோவில்களில் அது வந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்காது. சின்னசேலம், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளை வாழவைக்கும் நம் மரவள்ளியும் தென் அமெரிக்காச் சரக்குதான். வந்தேறி என்று நாம் அதைச் சொல்வதில்லை.

பார்க்க வேண்டியவை என்றால், ஆற்றங்கரையோரம் பர்மாவிலிருந்து வந்த ராட்சத மூங்கில். நாளைக்கு ஒரு அடிகூட வளருமாம். நம் மலை மூங்கிலைத் தொடை அளவு என்றால் இது இடுப்பளவு. பெரிய புல்வெளியில் குடை போலப் படர்ந்த ஜாவா அத்தி. பனை மரச் சாலை ஒன்றும் இருக்கிறது. வெளிநாட்டார் அதைப் படமெடுத்துத் தள்ளுகிறார்கள், எங்களுக்குச் சிரிப்புத்தான். மர உச்சிகளில் பகலெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். தொப்பி போட்டுக்கொள்வது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் காலை ஏழரை எட்டுக்கே போய்விடுங்கள், உள்ளே பேட்டரி வண்டியும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1944ல் மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தார். அதையும் வழிகாட்டி விரிவாகவே சொன்னார்.

அவர் சொல்லாமல் விட்டது 1948. சுதந்திரம் வந்த அதே வருடத்தில் குடியுரிமைச் சட்டம் போட்டு, தேயிலையை வளர்த்த தமிழர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பதே முக்கால் லட்சம் பேர் கணக்கு. ஐந்தே கால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. 1974ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆட்டுப்பட்டியைப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆளைப் பிரித்ததை இதில்தான் படித்தேன்.

ஒப்பந்தம் போட்ட இரண்டாம் மாதம், டிசம்பரில், புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது. பிறகு வந்தவர்கள் 'ராமானுஜம்' கப்பலில் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்கு வேலை கொடுப்பதற்காக 1968ல் தமிழக அரசு நீலகிரியில் தோட்டம் போட்டது. அதுதான் இன்றைய டான்டீ. என்ன தோட்டம்? தேயிலைதான். வேறு வேலை அவர்களுக்குப் பழக்கமில்லையே. தாத்தா விட்டுப்போன நாட்டுக்குப் பேரன் திரும்பி வந்து, மறுபடியும் கூடலூரில் கொழுந்துக் கூடையைத் தூக்கினான். நம் பக்கம் வந்து சேர்ந்தவர்களைச் 'சிலோன்காரர்' என்றே கடைசி வரை கூப்பிட்டோம். அங்கே 'இந்தியத் தமிழர்', இங்கே 'சிலோன்காரர்'.

இலங்கையிலேயே நாடற்றவராக மிஞ்சியவர்களுக்கு 2003ல்தான் குடியுரிமை முழுதாகக் கிடைத்தது. 2023ல், முதல் ஆட்கள் போய் இருநூறு வருடம் ஆனதை நினைத்து, மலையகத் தமிழர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியிலேயே நடந்தார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கச்சிராயபாளையம், சின்னசேலம், கல்வராயன் மலை அடிவார ஊர்களில், பரணில் கிடக்கும் தகரப் பெட்டியில் 'கண்டிக்குப் போனவர்' சம்பந்தமான காகிதம் ஏதாவது இருக்கலாம். பழைய பாஸ்போர்ட், தோட்டத்துப் பற்றுச்சீட்டு, கண்டி முத்திரை குத்திய கார்டு, ஏன், அந்தத் தகரத் துண்டே கூட இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். ஆத்தூர் தாலுகாவிலிருந்து கண்டிக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கேட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த அம்மாவின் முகவரி என்னிடம் இருக்கிறது.